ரோஸ் சீட்டில் ஒன்பது புள்ளிகள்

பசை உருகும் வாசனை. உடைந்த செல்போனைச் சூடான தட்டின் மேல் வைத்து, கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய தகட்டைச் செருகி நெம்புவார்கள். அப்போது கிளம்பும் வாசனை அது. எரிந்த ரப்பரும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டும் அழுகத் தொடங்கிய பழமும் சேர்ந்ததுபோல் இருக்கும். பெங்களூரில், தொம்மலூர் பஸ் நிறுத்தத்திலிருந்து என் வீட்டுக்குப் போகும் சந்தில் மூன்று ரிப்பேர் கடைகள். தினமும் சாயங்காலம் அந்த வாசனைக்குள் புகுந்துதான் நான் வீடு சேர வேண்டும். மற்றவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு வலது கை விரல்கள் கூசுகின்றன. ஒரு கோடு போட்ட விரல்கள்.

எங்கள் வீட்டுக்கு நான்தான் காவல். யாரும் நியமிக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். மடிக்கணினியின் கேமராக் கண்ணில் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருப்பேன். வாரத்துக்கொரு முறை பசை போய் விழும், வேறொன்று ஒட்டுவேன். "நெத்தியில வெக்க எனக்குப் பொட்டு இல்ல, மெஷினுக்கு வாரம் ஒரு கலரு" என்பாள் அவள். ஆன்லைனில் வாங்கிய சாமான் வந்தால் அட்டைப்பெட்டியில் இருக்கும் பேர் விலாசத் தாளைக் கத்தரித்து, துண்டாக்கி, பாதியை ஈரக் குப்பையிலும் பாதியை உலர் குப்பையிலும் போடுவேன். எவனாவது ஒட்டவைத்துப் படிக்க வேண்டுமென்றால் வாழைப்பழத் தோலோடு மல்லுக்கட்டட்டும்.

"அப்பா, நம்ம அட்ரஸத் திருடிட்டு வந்து யாருப்பா இங்க குடியிருக்கப் போறா?" என்பாள் மகள். "கூரை ஒழுகுது வாங்கன்னா ஓனரே வரமாட்டேங்குறாரு."

போன வருஷம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முதுகு வலிக்கிறது என்றேன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, ரசத்தைப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் காலை போனைத் திறந்தால் மெத்தை விளம்பரம். மெத்தைக்குக் கீழே தலையணை. தலையணைக்குக் கீழே தைலம். எனக்குக் கொதித்தது. அன்று மதியச் சாப்பாட்டில் அதுவே பேச்சு.

"சொல்லாததத் தெரிஞ்சிக்கிறவன் திருடன்தான்," என்றேன். "கடக்காரன்னா என்ன வேணும்னு கேக்கணும். கேக்காம நம்ம சட்டப்பையில கைய விட்டுப் பாத்துட்டு, இதுதான சார் வேணும்னு சிரிக்கிறானே, அவன என்னன்னு சொல்றது?"

மகள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தாள். "விடுங்கப்பா. சொல்லாமலே தெரிஞ்சிக்கறதுல உங்கள மிஞ்சவா போகுது அது?"

பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குப் புரையேறியது. தலையில் தட்டியவளும் அவளே.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. பள்ளியில் கன்னடம் படித்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். சிற்றிதழ்களில் நான் எழுதும் எதையும் அவள் படித்ததில்லை. என்னைத் தோழிகளுக்கு அறிமுகப்படுத்த அவளிடம் ஒரே வாக்கியம்தான்: "எங்கப்பாவுக்குச் சொல்லாமலே தெரியும்." இருபது வருடம் எழுதி வாங்காத பட்டத்தை அந்த ஒற்றை வாக்கியத்தில் வாங்கினேன். அது போய்விட்டால் என்னிடம் வேறென்ன இருக்கிறது என்று பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை.

அந்தப் பட்டத்தை வாங்கிய விதம் இது.

கல்லூரிக் கடைசி வருடத்தில் ஒரு சாயங்காலம் சிவந்த கண்ணோடு வந்தாள். கேட்டதற்கு "பஸ்ல தூசி" என்றாள். குளிக்கப் போனாள். போன் சோபாவில் கிடந்தது. பூட்டைத் திறக்க அவள் கட்டைவிரல் இழுக்கும் கோடு எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து வருடக்கணக்காய்ப் பார்த்த கோடு. ஒன்பது புள்ளிகளில் இடப்பக்க மேல் மூலையில் தொடங்கி, நேரே கீழே இறங்கி, வலப்பக்கம் ஓடி, மேலே ஏறி, சட்டென்று நடுப்புள்ளியில் வந்து நிற்கும். மேம்பாலத்தடியில் திரும்பிய ஆட்டோ நடுரோட்டில் மக்கர் பண்ணி நின்றதுபோல. போட்டேன். திறந்தது. தோழிக்கு எழுதியிருந்தாள்: மூன்றாவது கம்பெனி இன்டர்வியூவும் போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை.

குளித்து வந்தவளைக் காய்கறி வாங்கக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நிறுத்தத்தருகே மெல்ல ஆரம்பித்தேன். "மூணு பஸ்ஸ விட்டுட்டா என்ன பாப்பா, நாலாவது காலியா வரும். உக்காந்துட்டே போலாம்."

அப்படியே நின்றுவிட்டாள். கையில் கொத்தமல்லிக் கட்டோடு, போகிற வருகிறவர்கள் இடிக்க இடிக்க, என் தோளில் முகம் வைத்து அழுதாள். எல்லாம் சொன்னாள். "எப்பிடிப்பா தெரிஞ்சுது?" என்றாள். "தெரியும்," என்றேன்.

ஒரே தடவை என்று எழுதத்தான் இப்போதும் கை போகிறது. மூன்று தடவை. இரண்டாவது அவள் பிறந்தநாளுக்கு முன்னால். ஆன்லைன் கடையில், பிறகு வாங்கலாம் என்று அவள் ஒதுக்கிவைத்திருந்த பட்டியலைப் பார்த்தேன். பாசிப் பச்சையில் ஒரு மழைக்கோட்டு. அதையே என் கணக்கிலிருந்து வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்தவள் கத்திய கத்தலில் மேல்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். "இந்த கலர்தான்னு எப்பிடிப்பா?" மறுபடி அதே ஒற்றைச் சொல்தான் சொன்னேன். மூன்றாவதை எழுத இன்னும் மனம் வரவில்லை. அது வரவேண்டிய இடத்தில் வரும்.

அவளுக்கு வைட்ஃபீல்டில் வேலை கிடைத்தது. தினமும் போய் வந்தால் பாதி ஆயுள் சாலையிலேயே கழியும் என்று, அங்கேயே பெண்கள் தங்கும் பிஜி ஒன்றில் இடம் பார்த்திருந்தாள். திங்கட்கிழமை சேர வேண்டும். முந்தின புதன்கிழமை மாடிப்படியில் போன் கைநழுவி, ஐந்தாறு படி உருண்டு, முகம் சுக்குநூறானது. சேர்வதற்கான எல்லாத் தாளும், எல்லா ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

ஆன்லைனில் வாங்கிய போன். வாங்கும்போது ஒரு விரல் பட்டால் போதுமாயிருந்தது. ரிப்பேருக்கு என்றதும் திரையில் ஓர் அரட்டைப் பெட்டி திறந்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே, "உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது" என்றது. மனிதரா இயந்திரமா என்று கேட்டேன். அதற்கும் வருத்தப்பட்டது. பன்னிரண்டு வேலை நாள் ஆகுமாம். ஆகாது என்று நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே, இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றது. பொருள் விற்கிறவர்களுக்கு முகம் இருந்த காலத்தில் கோபப்படவாவது ஓரிடம் இருந்தது. இப்போது கோபத்தைக்கூட ஐந்து நட்சத்திரத்தில் அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

சர்வீஸ் சென்டர் என்று தேடியதில் முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டேன். தேன் ஒழுகும் குரல். "சார், ஒரு சின்ன ஆப் போட்டுக்கங்க. உங்க ஸ்கிரீன இங்கருந்தே நாங்க பாத்துக்கறோம்." பட்டென்று வைத்தேன். வைத்துவிட்டு அதைச் சமையலறையிலும் சொன்னேன், கூடத்திலும் சொன்னேன்.

"பெரிய திருடனப் புடிச்சிட்டீங்க," என்றாள் மனைவி. "கண்ணுக்கு முன்னாடி சந்துல மூணு கட இருக்கு. அத விட்டுட்டு ஊரெல்லாம் தேடறீங்க."

வெள்ளிக்கிழமை காலை போனை மகள் ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். "டிஸ்ப்ளே மட்டும்தாம்பா. பேட்டர்ன் கேப்பாங்க, குடுக்காதீங்க. தேவைன்னா அம்மா போனுக்குக் கூப்பிடுங்க, நானே வந்து தொறந்து காட்றேன்."

"எனக்கே சொல்றியா?"

"ஐயோ, வாட்ச்மேன்கிட்டயே சொல்லிட்டேன். சாரி, சாரி."

நடுக்கடையில் நுழைந்தேன். நாற்பதைத் தொடும் மனிதர், நெற்றியில் விளக்கு கட்டியிருந்தார். வீட்டில் உருது, வாடிக்கையாளருக்குத் தகுந்தபடி கன்னடமோ தமிழோ. போனைத் திருப்பிப் பார்த்தார். "ஸ்வல்ப டைம் ஆகும் சார். சாயங்காலம் வாங்க." பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். மேலே வெள்ளைத் தாள், நடுவில் கார்பன், கீழே ரோஸ் தாள். ஓரத்தில் சின்னதாய் அச்சடித்த ஒன்பது புள்ளிகள். "பேட்டர்ன் போட்ருங்க."

"அது வேணாம். டிஸ்ப்ளே மட்டும் மாத்துங்க."

"மாத்திட்டு டச் வேல செய்யுதா பாக்கணும்ல? லாக் ஸ்கிரீன்ல பாதிதான் தெரியும். நாளைக்கு ஓரத்துல டச் இல்லன்னு நீங்கதான் சண்டைக்கு வருவீங்க." பின்னாலிருந்த அலமாரியைக் காட்டினார். அதில் வரிசையாய்ப் போன்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ரோஸ் சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கோடு. சந்தில் பாதிப் பேருடைய வீட்டுச் சாவி அங்கே காய்ந்துகொண்டிருந்தது. "எல்லாரும் போட்டுத்தான் குடுக்கறாங்க. யார் போன் சார் இது?"

"என் பொண்ணுது."

"ஓ." விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு எப்பிடித் தெரியும்? வீட்டுக்கு போன் போட்டு அவங்களையே கேளுங்க. பரவால்ல, பசங்க அப்பாங்ககிட்ட சொல்றதில்ல. என் பையனும் சொல்லமாட்டான்."

அவர் இளக்காரமாகச் சொல்லவில்லை. எனக்கு அப்படிப் பட்டது. எல்லா அப்பனும் நானும் ஒன்றா?

"எனக்குத் தெரியும்," என்றேன். பேனாவை எடுத்துப் போட்டேன். கீழே, வலம், மேலே, நடு. அழுத்திப் போட்டேன், கார்பனில் பதியட்டும் என்று. கையில் ஒரு தயக்கம்கூட இல்லை.

வெள்ளைச் சீட்டு என்னிடம். ரோஸ் சீட்டை மடித்து போனின் முதுகில் டேப்பால் ஒட்டினார்.

அல்சூர் வரைக்கும் பஸ்ஸில் போனபிறகுதான் அவள் கோட்டை ஒரு கடையில் விட்டுவந்தது உறைத்தது. இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து, திரும்ப வந்தேன். ஆபீசுக்கு வயிற்றுவலி என்று செய்தி அனுப்பினேன். கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. கேட்காமல் உட்கார்ந்தேன்.

"நம்பிக்கை இல்லியா சார்?" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"இந்தப் பக்கமா வந்தேன்."

"வந்தீங்க, உக்காருங்க. டீ சொல்றேன்."

அப்போதுதான் அவளுடைய போன் தட்டில் ஏறியது. அந்த வாசனை எழுந்தது. பழைய கண்ணாடியை வாழைக்காய்த் தோல் சீவுவதுபோல் ஓரம் ஓரமாய் எடுத்தார். புதுசை வைத்து, அழுத்தி, பட்டனைத் தொட்டார். ஒன்பது புள்ளிகள் வந்தன. போனைத் திருப்பி, சீட்டின் மடிப்பை விரித்துப் பார்த்துவிட்டுப் போட்டார். என் மகளின் கட்டைவிரல் வழியை எண்ணெய்க்கறை படிந்த ஒரு கட்டைவிரல் நடந்து முடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பஸ்ஸில் பக்கத்து ஆளின் சண்டையைக் கேட்காததுபோல் இருப்போமே, அப்படி. திரும்பவும் பார்த்தேன். அவர் ஒரு படத்தைப் பிடித்து, திரையின் மூலைமுடுக்கெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தார். செய்திகள் இருக்கும் இடம் அவர் விரலடியில் இரண்டு முறை வந்துபோயிற்று. தொடவில்லை.

"உள்ள பாக்கணும்னு தோணாதா?" கேட்டேவிட்டேன்.

சிரித்தார். "தினம் எத்தன பேர் போனத் தொறக்கறேன் சார். எல்லாத்துலயும் சாமி படம், குழந்த படம், மாமியார் சண்ட. ஒருத்தருத பாத்துட்டா அப்புறம் தெருவுல அவங்க மூஞ்சப் பாக்க முடியாது. நான் இங்கயே இருக்கணும்ல? ஆய்த்து, எடுத்துக்கங்க." முடிந்துவிட்டதாம். அப்படியே பின்னட்டையை மாட்டி நீட்டினார்.

டீ ஆறிப்போயிருந்தது. குடிக்காமல் வந்தேன். வழியிலேயே வெள்ளைச் சீட்டை எட்டாய்க் கிழித்து இரண்டு குப்பைத்தொட்டிகளில் போட்டேன். காவல்காரனின் வேலை சுத்தம். ரோஸ் சீட்டு பின்னட்டைக்குள் என்னோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

மகள் போனை வாங்கி, முத்தம் கொடுத்து, துடைக்கிறேன் என்று பின்னட்டையைக் கழற்றினாள். டேப்பைப் பிய்த்தாள். மடிப்பைப் பிரித்தாள். நான் செருப்பை இன்னும் கழற்றவில்லை.

"இது யாரு போட்டது?"

"கடையில கேட்டாங்க பாப்பா, டச் பாக்கணும்னு..."

"யாரு போட்டதுன்னு கேட்டேன்."

பொய்கள் வரிசையில் வந்து நின்றன. கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்தார்கள் எனலாம். அம்மாதான் சொன்னாள் எனலாம். சீட்டில் என் கோடு கறுப்பாய், அழுத்தமாய், நேராய் இருந்தது. பார்த்து எழுதியவன் கோடு அப்படி இருக்காது.

"நான்தான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்வியை அவள் எத்தனையோ தடவை என்னிடம் கேட்டிருக்கிறாள். அத்தனை தடவையும் சிரித்துக்கொண்டே கேட்டவள். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். அவள் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதடு அசைந்தது, மனக்கணக்குப் போடுவதுபோல.

"அந்த ரெயின்கோட்டு," என்றாள்.

குக்கர் விசில் அடித்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, இன்னும் மெதுவாகச் சொன்னாள்: "நாலாவது பஸ்ஸு."

அவள் கத்தியிருக்கலாம். கொத்தமல்லிக் கட்டோடு அழுத அந்தப் பெண்ணை அவள் அப்போது எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். வெட்கப்பட்டது அவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என்ன ரெண்டு பேரும் செலையாட்டம் நிக்கறீங்க?" என்று மனைவி வந்தாள். "போன் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா," என்று மகள் அறைக்குள் போனாள்.

சனிக்கிழமை முழுக்க அவள் என்னிடம் பேசாமல் இல்லை. "உப்பு போதுமா?" "ஆட்டோ வேணாம், கேப் சொல்லியாச்சு." எல்லாம் பேசினாள். போனை எடுக்கும்போது மட்டும் என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள். முன்பெல்லாம் எதிரே உட்கார்ந்து இழுப்பாள்.

ஞாயிறு காலை கேப் வந்தது. மெத்தை ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டதால் மனைவி வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பூட்டு மாட்டும் ஆணியில் பச்சை மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மறந்தாளா, விட்டாளா தெரியவில்லை. யாரும் பார்க்காமல் மடித்து என் பையில் வைத்தேன். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான் மெத்தையைப் பார்த்தேன்.

பிஜி வாசலில் கேப் எங்களை இறக்கிவிட்டுப் போனது. அங்கே வேலை செய்யும் அம்மாவோடு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். "இருங்க, மெத்தைக்கு வரேன்," என்றாள். நான் கேட்டைத் தாண்டி நிழலுக்கு ஒரு அடி வைத்தேன். காவலாளி தடுத்தார். கையில் ஒரு டேப்லெட்.

"சார், போட்டோ. இல்லி நோடி," என்று கேமராவைக் காட்டினார். பார்த்தேன். படம் எடுத்தார். "இப்ப உள்ள போன மேடம் போனுக்குப் போயிருக்கு. அவங்க ஓகே குடுத்தாத்தான் உள்ள."

"நான் அவங்க அப்பா."

"எல்லாருக்கும் அதேதான் சார்."

வேறொரு நாளாயிருந்தால் நின்று சண்டை போட்டிருப்பேன். என் முகத்தை எங்கே சேமிக்கிறீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டிருப்பேன். அன்று கேட்டுக்கு வெளியே, மெத்தையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே ஏதோ ஒரு மாடியில் அவள் கையில் என் படம் இருக்கிறது. அடியில் இரண்டு பொத்தான்கள். உள்ளே விடலாம், வேண்டாம். மேகம் கூடிக்கொண்டு வந்தது. காவலாளி டேப்லெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னும் வரல சார்," என்று உதட்டைப் பிதுக்கினார்.

பொத்தானை அவள் அழுத்தவில்லை. அவளே இறங்கி வந்தாள்.

"போட்டோவுல பயந்தாப்ல இருக்கீங்க," என்றாள்.

பையிலிருந்து மழைக்கோட்டை எடுத்து நீட்டினேன். "மழ வரும்போல இருக்கு." வாங்கினாள். போட்டுக்கொள்ளவில்லை, கையில் மடித்து வைத்துக்கொண்டாள். அவள் திரும்பிவிடுவாளோ என்ற அவசரத்தில் சொல்லிவிட்டேன்.

"மூணு தடவ பாப்பா."

அவள் மழைக்கோட்டை இன்னொரு மடிப்பு மடித்தாள். "ரெண்டுன்னு நெனச்சேன்."

"நீ இங்க எடம் தேடிட்டு இருந்தப்போ. எங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். வீட்டுல மூச்சு முட்டுதுன்னு ஃப்ரெண்டுக்கு எழுதியிருந்த. அதான் நீ கேட்டவொடன சரி போம்மான்னு..."

"அம்மா அவ்ளோ கத்துனப்போ நீங்க மட்டும் சரின்னீங்க," என்றாள். "எங்கப்பா மாதிரி வருமான்னு அன்னிக்கு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

பெரிய துளியாய் ஒன்று மெத்தையில் விழுந்தது. காவலாளி ஒரு முனையைப் பிடித்தார், அவள் மறு முனையைப் பிடித்தாள். கேட்டுக்குள் போனபிறகு, மெத்தையின் மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மெட்ரோவுல போங்க, பஸ்ஸுல போவாதீங்க," என்றாள். "அப்புறம், என்னப்பத்தி எதாவது தெரியணும்னா கேளுங்கப்பா. கேட்டா சொல்வேனான்னு தெரியாது. ஆனா கேளுங்க."